புகை பிடிப்போரின் மனநிலையை அளந்தறிதல்

ஹைதராபாத் நகரின் சார்மினார் நாடறிந்த சின்னமாகும். அந்நகரில் தோன்றிய வஜீர் சுல்தான் புகையிலைக் கம்பெனி, அதன் பெயரையே சிகரெட்டு ஒன்றுக்குச் சூட்டியது. இவ்வாறு ஊர்ப் பெருமையுடன் கலந்துவிட்ட பழக்கத்தை, "புகை உடலுக்குக் கேடு" என்னும் அறிவுரை மட்டும் போக்கிவிடாது. கேட்போர் அனைவரும் ஒரே மனநிலையில் இருப்பதில்லை. அம்மனநிலையை அறியவே மனோதத்துவ வினாப்பட்டியல்கள் பயன்படுகின்றன.

புகையைக் கைவிடுதல் படிப்படியாக நிகழ்வது என்பதை அமெரிக்க அறிஞர்களான புரோசாஸ்காவும் டி கிளெமென்டியும் 1983-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். அடுத்த 6 மாதங்களுக்குள் விட்டுவிடும் எண்ணம் உண்டா, 30 நாட்களுக்குள் உண்டா என்ற வினாக்களைக் கொண்டு ஒருவர் நிற்கும் படி கணிக்கப்படுகிறது. 1991-இல் வெளிவந்த மற்றொரு முறையில், 0 முதல் 10 வரை எண்ணிட்ட ஏணிப் படம் ஒன்றைக் காட்டி, தம் நிலைக்கு ஏற்ற படியைச் சுட்டுமாறு கேட்பர்.

விருப்பம் வேறு, அடிமைத்தனம் வேறு. பின்னதை அளக்கப் பாகர்ஸ்டிராம் சோதனையின் 6 வினாக்கள் உதவுகின்றன. விழித்தெழுந்த 5 நிமிடங்களுக்குள் புகை பிடிப்பவருக்கு அதில் 3 மதிப்பெண், மொத்தம் 10.

ஓர் ஆட்டோ ஓட்டுநர் இம்மாதமே விட்டுவிட விரும்புகிறார். ஆயினும் கண் விழித்தவுடன் சிகரெட்டைத் தேடுகிறார் எனக் கொள்வோம். அவருக்கு வேண்டுவது உபதேசமன்று, சிகிச்சை. நாளொன்றுக்கு மூன்று சிகரெட்டு மட்டுமே பிடிக்கும் குமாஸ்தா, விடும் நினைவே அற்றவராயின், அவருக்கு வேண்டுவது சிந்தனையைத் தூண்டும் உரையாடல். இருவருக்கும் ஒரே சொற்பொழிவு ஆற்றுவது வீண் முயற்சியே.

இவ்வினாக்கள் சிகரெட்டை மனத்திற்கொண்டு ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. தெலுங்கும் உருதுவும் வழங்கும் ஹைதராபாத்தில் பீடி பிடிப்போரிடமும் சுருட்டுப் பிடிப்போரிடமும் அவற்றைப் பயன்படுத்துமுன், மொழிபெயர்ப்பு சரியான பொருளைத் தருகிறதா என்று சோதித்தல் அவசியம்.

குறைந்த மதிப்பெண் ஒருவரைக் கைவிடுவதற்குக் காரணமாகாது. இங்கிலாந்தில் 2006-இல் வெளியான ஆய்வின்படி, புகையை விடும் முயற்சிகளில் ஏறக்குறையப் பாதி முன்திட்டமின்றியே தொடங்கியவை. இந்தியாவிலும் 2016-17 கணக்கெடுப்பில், புகை பிடிப்போருள் 55.4 சதவீதத்தினர் விட்டுவிடத் திட்டமிட்டோ எண்ணியோ இருந்தனர். ஆகவே, களப் பணியாளரும் ஆசிரியரும் முதலில் வினவி, விடையைப் பொறுமையுடன் கேட்டு, அதற்கேற்ற அடுத்த படியைக் காட்டுவாராக. உதவி நாடுவோருக்கு 1800-11-2356 என்ற கட்டணமற்ற தேசியத் தொலைபேசி எண்ணையும் தெரிவிக்கலாம்.