நெருஞ்சி என்னும் பெயர்

பெயர்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என வகுத்தார் நன்னூலார். எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவே எனக் கொண்ட தொல்காப்பியரோ, சொற்பொருளின் காரணம் எளிதிற் புலப்படாது என்றும் உரைத்தார். இவ்விரு கருத்துக்களையும் விளக்குதற்கு, வழியோரத்திற் படர்ந்து கிடக்கும் நெருஞ்சி சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும்.

நெருஞ்சி தரையோடு படரும் பூண்டு. அதன் பூ ஐந்து மஞ்சள் இதழ்களை உடையது. காய் முற்றியபின் ஐந்து கூறாகப் பிரியும்; கூறுதோறும் கூரிய முட்கள் உள. தரையில் எவ்வாறு வீழினும் ஒரு முள்ளேனும் மேனோக்கி நிற்கும்.

பிறநாட்டார் இதற்கு இட்ட பெயர்கள் பல இம்முள்ளையே பற்றியன. கிரேக்கர் 'மூன்று முனையுடையது' என்னும் பொருளில் 'திரிபொலொசு' என்றனர். பகைவர் குதிரைகளைத் தடுக்க நிலத்திற் பரப்பிய இரும்பு முள்ளுக்கும் அவர்களிடத்து அதுவே பெயர். நீரில் வளரும் முட்காய்ப் பூண்டொன்றும் அப்பெயர் பெற்றிருந்தது. 1753இல் லின்னேயசு நெருஞ்சிக்குத் 'திரிபுலசு தெரெசுத்திரிசு' எனப் பெயரிட்டார். பின்மொழி 'நிலத்துக்குரியது' எனப் பொருள்படும். வடநூலாரும் இதனைத் 'திரிகண்டகம்', அஃதாவது மும்முள் உடையது என்றனர். 'கோகண்டகம்' என்பது ஆவின் முள். ஒருவர் பெயரை மற்றவர் கடன்கொள்ளாமலே இரு மொழியினரும் ஒரே பொருளில் பெயரிடுதற்குக் காய் ஒன்றே போதிய காரணமாகும்.

தமிழ்ப் பெயரின் இயல்பு வேறு. நெருஞ்சி, நெருஞ்சில் என்னும் வடிவங்களோடு மலையாளத்து 'ஞெரிஞ்ஞில்', கன்னடத்து 'நெக்கிலு' என்பன உறவுடையன. ஞகரமும் நகரமும் தம்முள் மயங்குதல் ஞண்டு – நண்டு, ஞாண் – நாண் என்பவற்றாலும் அறியப்படும். எனவே இப்பெயர் தென்மொழிகளின் பழஞ்செல்வம். ஈழத்திற் சிங்களரும் இதனை 'நெரெஞ்சி' என்றே வழங்குவர். ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு 'நெருங்கு', 'நெருடு' என்பவற்றோடு இதனை இணைத்துப் பொருள் கூறுதல் ஆராய்ச்சியாகாது. தொல்காப்பியர் கூற்று ஈண்டு எச்சரிக்கையாய் அமைகின்றது.

அடைபெற்ற பெயர்களிலோ காரணம் தெளிவாகும். யானைத்திப்பிலியிற்போல 'யானைநெருஞ்சி' என்பதிலும் யானை என்னும் அடை பெருமையைக் குறிக்கும். ஆயினும் அது நெருஞ்சியின் பெருவகை அன்று. எள்ளோடு நெருங்கிய வேறு குடும்பத்தது. அதன் இலைகளை நீரிலிட்டுக் கலக்கினால் நீர் கொழகொழப்பாகும். சிறுநெருஞ்சிக்கு அவ்வியல்பு இல்லை. பெயரொற்றுமை இனவொற்றுமை ஆகாது என்பதை மருந்து கொள்வோர் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

பெயரிற் காணப்படாத பொருளைப் புலவர் செய்யுளிற் கண்டனர். புறநானூற்று 155ஆம் பாட்டில் மோசிகீரனார், ஞாயிற்றை எதிர்நோக்கும் நெருஞ்சிப் பூவை வள்ளலை நோக்கும் இரவலரின் மண்டைக்கு உவமையாக்கினார். குறுந்தொகை 202ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார், கண்ணுக்கினிய பூவே பின் முள்ளைத் தருதலை, முன் இனியனாயிருந்து பின் இன்னாதன செய்த தலைவனுக்கு ஒப்பிட்டார். பிறமொழிப் பெயர்கள் பல முள்ளையே கூறின. தமிழ்ச் செய்யுட்களோ பூவையும் முள்ளையும் ஒருங்கே கண்டன. ஒரு பூண்டின் பெயரை ஆராய்வோர் சொல்லின் வேரோடு அமையாது, அச்சொல் வழங்கிய மக்களின் பார்வையையும் ஆராய்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.