தோட்டம் மறைந்தது, பெயர் மட்டும் பள்ளிப் பலகையில்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில், டோவன்பி என்று தோட்டப் பெயர்களைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இன்றும் உள்ளன. பேராக்கில் இத்தகைய பல பள்ளிகளுக்குப் பிள்ளைகள் இப்போது தாமான்களிலிருந்து வேனில் வருகிறார்கள். பள்ளி இருக்கிறது, அதைச் சுற்றியிருந்த லயங்கள் இல்லை.

பேராக்கின் ரப்பர் கதை 1877இல் கோலகங்சாரில் தொடங்குகிறது. பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ அங்கு நட்ட மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. பின்னர் ரப்பர் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். 1938இல் இந்திய அரசு இந்த ஆள்சேர்ப்பை நிறுத்தியது. அதற்குள் இங்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்குத் தோட்டமே சொந்த ஊராகிவிட்டது.

அது முழுமையான ஊர்தான். விடியுமுன் பெரட்டு. தண்டல் பெயர் கூப்பிட்டதும் உளியும் வாளியுமாக நிரைக்குப் போவார்கள். ஒருவர் ஒரு நாளில் நானூறு, ஐந்நூறு மரங்கள் வெட்டுவார். மங்கில் சேர்ந்த பாலை நண்பகலுக்குள் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுக்க வேண்டும். கைக்குழந்தைகளுக்கு ஆயாக்கொட்டகை, பெரிய பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பள்ளி. ஆண்டுக்கொரு முறை மாரியம்மன் திருவிழாவில் வேறு தோட்டத்துச் சொந்தங்களும் கூடுவார்கள்.

ஆனால், இந்த ஊரில் மக்களுக்குச் சொந்தமாக ஒரு அடி நிலம்கூட இல்லை. வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால், அந்தக் குடும்பத்தில் வேறு யாரும் தோட்டத்தில் வேலை செய்யாத நிலையில், வீட்டைக் காலி செய்ய வேண்டும். மக்கள் காசு சேர்த்துக் கட்டிய கோயிலும் பெரும்பாலும் கம்பெனி நிலத்தில்தான் நின்றது. தோட்டம் கைமாறியபோதெல்லாம் கோயிலை எங்கே கொண்டுபோவது என்ற கேள்வி எழுந்ததற்கு இதுவே காரணம்.

சுதந்திர காலத்தையொட்டி வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது இந்த ஆபத்து வெளிப்பட்டது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் அதற்கு ஒரு வழி காட்டினார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி வீதம் 100 வெள்ளி பங்கு சேர்த்தார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பால் வெட்டியவர்களே தோட்டத்தின் பங்குதாரர்களானார்கள்.

எல்லாத் தோட்டங்களையும் அப்படிக் காப்பாற்ற முடியவில்லை. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. பால்மரத்துக்கு அடிக்கடி ஆள் வேண்டும். செம்பனைக் குலையைப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெட்டினால் போதும். ஆள் தேவை குறைந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புக்கும் விற்கப்பட்டன. குடும்பங்கள் ஈப்போவுக்கும் சுற்றுப்பட்டணங்களுக்கும் நகர்ந்தன.

பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால் போன்ற சொற்களின் பொருள் இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. பழைய சம்பளச் சீட்டு, திருவிழா அழைப்பிதழ், லயத்து வாசலில் எடுத்த படம் என எது வீட்டில் இருந்தாலும் குப்பைக்குப் போக வேண்டாம். படத்தின் பின்னால் தோட்டத்தின் பெயர், ஆண்டு, அதில் நிற்பவர்களின் பெயர்களை எழுதிவையுங்கள். அவற்றைச் சொல்லக்கூடிய தாத்தா பாட்டிகள் இருக்கும்போதே கேட்டு எழுதுவது நல்லது.