உடம்புக்கு ஏற்ற ரைஃபிள்

2023 செப்டம்பரில் பிரேசிலின் ரியோ நகரில் நடந்த உலகக் கோப்பையில், 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இறுதிச் சுற்றில் இளவேனில் வாலறிவன் 24 முறை சுட்டார். மொத்தம் 252.2 புள்ளிகள், தங்கப் பதக்கம். 24 குண்டுகளில் ஒன்றுகூட 10.1-க்குக் கீழே இறங்கவில்லை. 2019-லும் அதே ரியோவில் 251.7 புள்ளிகளோடு தங்கம் வென்றவர் அவர். இளவேனில் பிறந்தது கடலூரில், வளர்ந்தது அகமதாபாத்தில். சேத்தியாத்தோப்பு, புவனகிரி, சிதம்பரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. நம் மாவட்டத்தில் பிறந்த பெண் செய்த காரியம். இப்படிச் சுட எப்படிப்பட்ட ரைஃபிள் வேண்டும், அதை எந்த வரிசையில் யோசித்து அமைக்கிறார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

புள்ளிக் கணக்கு

இந்தப் போட்டியில் இலக்குத் தாளின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டது. அதுதான் 10-க்கான இடம். சுடுபவர் நிற்கும் இடத்திலிருந்து அந்தப் புள்ளி கண்ணுக்கே தெரியாது. அதைச் சுற்றியுள்ள 30.5 மி.மீ. கறுப்பு வட்டம் மட்டுமே தெரியும்.

ஈயக் குண்டின் குறுக்களவு 4.5 மி.மீ. குண்டின் விளிம்பு நடுப்புள்ளியைத் தொட்டாலே 10. அதாவது குண்டின் மையம், இலக்கின் மையத்திலிருந்து 2.5 மி.மீ. தூரத்துக்குள் விழ வேண்டும். அதற்குள்ளும் கால் மில்லிமீட்டருக்கு ஒரு படியாக 10.0 முதல் 10.9 வரை பிரிக்கிறார்கள். இளவேனிலின் 252.2-ஐ 24-ஆல் வகுத்தால் சராசரி 10.5 வருகிறது. அவருடைய குண்டுகள் சராசரியாக மையத்திலிருந்து ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தூரத்தில் விழுந்திருக்கின்றன என்று அர்த்தம்.

திருவிழாக் கடையில் பலூன் சுடும் துப்பாக்கியை எல்லோரும் பார்த்திருப்போம். அதன் குழல் அளவும் வழக்கமாக 4.5 மி.மீ.தான். போடுகிற ஈயக் குண்டும் ஏறக்குறைய அதே ஜாதி. அப்படியிருக்க, ஒன்று பலூனையே தவறவிடுகிறது, மற்றொன்று மில்லிமீட்டர் கணக்கில் அடிக்கிறது. வித்தியாசம் எங்கே இருக்கிறது?

காற்று தள்ளும் விதம்

பலூன் கடைத் துப்பாக்கியில் குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் அழுந்திக் கொள்ளும். ட்ரிகரை இழுத்ததும் ஸ்பிரிங்கும் அதன் முன்னால் இருக்கும் பிஸ்டனும் பாய்ந்து காற்றை நெருக்கிக் குண்டைத் தள்ளும். இரும்பு பாய்கிற அதிர்ச்சியில், குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே துப்பாக்கி அசைந்துவிடுகிறது. குறி சரியாக இருந்தும் குண்டு விலகுவதற்கு முதல் காரணம் இதுதான்.

போட்டி ரைஃபிளில் ஸ்பிரிங் கிடையாது. குழலுக்குக் கீழே உருளை ஒன்று இருக்கும். அதில் 200 பார் அழுத்தத்துக்குக் காற்றை முன்கூட்டியே அடைத்து வைப்பார்கள். அங்கிருந்து ரெகுலேட்டர் வழியாகக் காற்று குறைந்த, மாறாத அழுத்தத்தில் வெளியே வரும். தகுதிச் சுற்றின் முதல் குண்டுக்குக் கிடைத்த அதே வேகம் அறுபதாவது குண்டுக்கும் கிடைப்பதற்கு ரெகுலேட்டர்தான் பொறுப்பு. மிச்சமிருக்கும் சிறு உதைப்பையும் எதிர்த்திசையில் நகரும் எடை ஒன்றை வைத்துப் பல மாடல்களில் அடக்கிவிடுகிறார்கள். காற்று உருளைக்கு ஆயுள் 10 ஆண்டு. தேதி அதன் மேலேயே பொறித்திருக்கும். காலாவதியான உருளையைப் போட்டிக்குக் கொண்டுபோக முடியாது. பழைய ரைஃபிள் வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தேதியை.

அரை கிராம் எடையுள்ள குண்டு நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் கிளம்பி, 10 மீட்டரை ஒரு நொடியில் நூற்றில் ஆறு பங்கு நேரத்தில் கடக்கிறது. அந்த நேரத்துக்குள் புவியீர்ப்பு அதைச் சுமார் 18 மி.மீ. கீழே இழுத்துவிடும். குறிபார்க்கும் கருவியைச் சற்று ஏற்றி வைத்து இதைச் சரிக்கட்டுகிறார்கள். இந்த 18 மி.மீ. கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குழலும் குண்டும்

ரைஃபிள் குழலின் உட்சுவரில் சுருளாக வரிகள் ஓடும். ஈயக் குண்டு அவற்றில் பதிந்து சுழன்றுகொண்டே வெளியேறுவதால் நேராகப் போகிறது. ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷுட்ஸ், ஆஸ்திரியாவின் ஸ்டையர் ஆகிய நிறுவனங்களின் ரைஃபிள்களைத்தான் சர்வதேசப் போட்டிகளில் அதிகம் பார்க்கலாம். ஆனால் ஒரே நிறுவனம் ஒரே நாளில் செய்த இரண்டு குழல்கள்கூட ஒரே மாதிரிச் சுடுவதில்லை.

அதனால் குண்டைத் தேர்ந்தெடுப்பது தனி வேலை. போட்டிக் குண்டுகளின் தலை அளவு 4.49, 4.50, 4.51 மி.மீ. என நூற்றில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் விற்கப்படுகிறது. நெய்வேலிச் சுரங்க ஒர்க்‌ஷாப்களில் ஃபிட்டராகவோ டர்னராகவோ வேலை பார்த்தவர்கள் இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் நிறைய உண்டு. நூற்றில் ஒரு மில்லிமீட்டரை லேத்தில் பிடிப்பது எவ்வளவு சிரமம் என்று அவர்களைக் கேட்டால் தெரியும்.

சோதனை இப்படி நடக்கும். ரைஃபிளை அசையாமல் ஒரு பிடியில் இறுக்குவார்கள். மனிதக் கை அதில் படக்கூடாது. ஒரு ரகக் குண்டில் பத்தைப் போட்டு ஒரே தாளில் சுடுவார்கள். குழலுக்குப் பிடித்த ரகமாக இருந்தால் பத்துக் குண்டும் ஏறக்குறைய ஒரே துளைக்குள் போய்விடும். பிடிக்காத ரகமாக இருந்தால் துளை கிழிந்து விரியும். ஒவ்வொரு ரகமாகச் சுட்டு, துளையின் அகலத்தை அளந்து, மிகச் சிறியதாக வந்த ரகத்தில் அதே தயாரிப்புத் தொகுதி எண் போட்ட டப்பாக்களை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்வார்கள். விலை உயர்ந்த குண்டு என்பதற்காக அது உங்கள் குழலில் நன்றாகப் போகும் என்று சொல்ல முடியாது. சுட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

குறி

ஏர் ரைஃபிள் போட்டியில் டெலஸ்கோப் வைக்க அனுமதி இல்லை. கண்ணுக்குப் பக்கத்தில் சிறு துளையுள்ள தகடு, குழல் முனையில் ஒரு வளையம், அவ்வளவுதான். துளை வழியாகப் பார்த்து, வளையத்தின் நடுவே கறுப்பு வட்டத்தை நிறுத்த வேண்டும். வட்டத்துக்குள் வட்டம் சமமாக அமைந்திருக்கிறதா என்பதை மனிதக் கண் மிக நுட்பமாகக் கண்டுபிடித்துவிடும். அந்தத் திறமையை நம்பித்தான் இந்த அமைப்பே நிற்கிறது.

முன் வளையத்துக்கும் பின் துளைக்கும் இடையே 80 செ.மீ. இருப்பதாக வைத்துக்கொள்வோம். பின் துளை பத்தில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் 10 மீட்டர் தள்ளி குண்டு 1.25 மி.மீ. விலகும். அதாவது அரைப் புள்ளி போச்சு. இறுதிச் சுற்றில் பதக்கம் அரைப் புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் கை மாறும். குறிபார்க்கும் கருவியில் ஒரு திருகு லூசாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

உடம்பு

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். வாங்க முடியாதது, ரைஃபிள் சுடுபவரின் உடம்போடு பொருந்துவது. அதை அமைத்துத்தான் ஆக வேண்டும். என் கணிப்பில் ஒரு போட்டி ரைஃபிளின் திட்டம் தொடங்க வேண்டிய இடமும் இதுதான்.

நின்று சுடுபவர் இலக்குக்குப் பக்கவாட்டில் நிற்கிறார். வலது கைக்காரராக இருந்தால் இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றுகிறார். ரைஃபிளின் எடை கையிலிருந்து இடுப்புக்கும், இடுப்பிலிருந்து காலுக்கும் எலும்பு வழியாகவே இறங்குகிறது. தசையால் தாங்கினால் சில நிமிடங்களில் நடுக்கம் வந்துவிடும். எலும்பால் தாங்கினால் 60 குண்டு முடியும்வரை நிற்கலாம்.

இதற்காகத்தான் போட்டி ரைஃபிளின் பின்கட்டையில் இத்தனை திருகுகள். கன்னம் சாயும் பகுதி ஏறும், இறங்கும், பக்கவாட்டில் நகரும். தோளில் பதியும் தகடு நீளும், சுருங்கும், சாயும். கைப்பிடியையும் திருப்பலாம். தையல்காரர் அளவெடுப்பதுபோல ஒவ்வொன்றையும் சுடுபவரின் கழுத்து நீளம், கை நீளம், தோள் அகலம் பார்த்து அமைக்க வேண்டும். போட்டியில் அணியும் கனத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் இந்த அளவை எடுக்க வேண்டும். சட்டையோடு அளவெடுத்தால் ஜாக்கெட்டின் தடிமனால் கட்டை நீளமாகிவிடும். தோளும் கழுத்தும் அதற்கேற்ப வளைந்துகொடுக்கும்.

கன்னக்கட்டை சரியில்லை என்றால் கண் துளைக்கு நேரே வராது. கண்ணைக் கொண்டுபோகத் தலை சாயும். தலையோடு ரைஃபிளும் சாயும். மேலே சொன்ன 18 மி.மீ. இறக்கம் இங்கேதான் வேலை செய்கிறது. குறியை ஏற்றி வைத்திருப்பதால், ரைஃபிள் 5 டிகிரி சாய்ந்தால் அந்த ஏற்றம் பக்கவாட்டில் திரும்பி, குண்டு ஒன்றரை மி.மீ. விலகுகிறது. ஒவ்வொரு முறையும் ஒரே அளவு சாய்ந்தால் குறியைத் திருத்திச் சமாளித்துவிடலாம். பொருந்தாத கட்டையில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவு சாயும். அதைத் திருத்த எந்தத் திருகாலும் முடியாது.

எடைக்கும் இதே நியாயம். விதிப்படி ரைஃபிளின் எடை 5.5 கிலோவைத் தாண்டக்கூடாது. கனமான ரைஃபிள் குறைவாக ஆடும் என்று கேள்விப்பட்டு, 40 கிலோ எடையுள்ள பள்ளிப் பெண்ணின் கையில் உச்ச எடையைக் கொடுத்துவிடுகிறார்கள். அவள் முதுகை வளைத்துத் தாங்குவாள். அந்த வளைவே பழக்கமாகி, முதுகுவலியாக நிற்கும். எடை குறைந்த ரைஃபிளில் தொடங்கி, உடம்பு தேறத் தேறச் சிறு எடைத்துண்டுகளைச் சேர்ப்பதே முறை. எங்கே சேர்ப்பது என்பதும் முக்கியம். முன்பக்கம் எடை கூடினால் குறி மெதுவாக ஆடும், ஆனால் இடது தோள் சீக்கிரம் களைக்கும்.

பொருத்தம் சரியா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. குண்டு போடாமல், நிலையெடுத்துக் குறிபார்த்துவிட்டுக் கண்ணை மூட வேண்டும். இரண்டு மூன்று மூச்சு விட்டுக் கண்ணைத் திறக்க வேண்டும். குறி இலக்கிலேயே நின்றால் உடம்பும் ரைஃபிளும் ஒத்துப்போகின்றன. விலகியிருந்தால் கையால் இழுத்துக் கொண்டுவரக்கூடாது. காலை நகர்த்தி, இல்லாவிட்டால் கட்டையைத் திருத்தி, மறுபடி பார்க்க வேண்டும்.

தூரம் கூடினால்

அடுத்த படி 50 மீட்டர். இது வெடிமருந்துத் தோட்டா போடும் .22 ரைஃபிள். என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு இந்த அளவு பழக்கமானது. 10-க்கான வட்டம் இங்கே 10.4 மி.மீ. மண்டியிட்டு, படுத்து, நின்று என மூன்று நிலைகளில் சுடும் இந்தப் போட்டியில்தான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய வீரர் ஸ்வப்னில் குசாலே 451.4 புள்ளிகளோடு வெண்கலம் வென்றார்.

வெளியில் சுடுவதால் காற்றும் போட்டிக்குள் வந்துவிடுகிறது. மணிக்கு 10 கி.மீ. பக்கக்காற்று .22 குண்டை 50 மீட்டரில் ஒரு சென்டிமீட்டருக்கும் மேலாகத் தள்ளிவிடும். ஒரு புள்ளிக்கும் மேலாகக் குறையும். கடலூர்க் கரையோரத்தில் மத்தியானத்துக்கு மேல் எழும் கடற்காற்று இதைவிட வேகமானது. காற்றைப் படிக்கக் கற்காதவருக்கு எவ்வளவு நல்ல குழலும் உதவாது. தோட்டாவை ஒலியின் வேகத்துக்குக் கீழேயே வைத்திருக்கிறார்கள், ஒலிவேகத்தைக் கடந்து இறங்கும்போது குண்டு தடுமாறும் என்பதால். 300 மீட்டர் போட்டியும் உண்டு. 1972-க்குப் பிறகு அது ஒலிம்பிக்கில் இல்லை. தூரம் கூடக்கூடத் தோட்டாவும் காற்றும் முன்னே வருகின்றன. உடம்போடு பொருந்த வேண்டும் என்ற அடிப்படை எந்தத் தூரத்திலும் மாறுவதில்லை.

இந்த ரைஃபிள்களை வைத்திருப்பது பற்றிச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் கொண்ட ஏர் ரைஃபிளுக்கு 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டாம். போட்டி ரைஃபிளின் ஆற்றல் 7 ஜூலைச் சுற்றித்தான் வரும். .22 ரைஃபிளுக்கு உரிமம் கட்டாயம். உரிமமில்லாமல் துப்பாக்கி செய்வது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். நம் ஊரில் ரைஃபிளைத் திட்டமிடுவது என்றால், வாங்கிய ரைஃபிளை உடம்புக்குப் பொருத்துவதுதான். பட்டறையில் குழல் கடைவது அல்ல.

எந்த வரிசையில் வாங்குவது

வெளிநாட்டுப் போட்டி ரைஃபிள் லட்சங்களில் விலை. பிள்ளை ஆசைப்பட்டதும் கடன் வாங்கி அதை இறக்குவது தவறான தொடக்கம். முதலில் ஒரு ரைஃபிள் கிளப்பில் சேர்த்து, பயிற்சியாளர் கண்ணெதிரே கிளப் ரைஃபிளில் நிற்கப் பழக வேண்டும். அடுத்தது ஜாக்கெட். அதன் பிறகு, கட்டையில் எல்லாப் பக்கமும் திருத்த வசதியுள்ள ரைஃபிள், பழையதானாலும் பரவாயில்லை. அதன் பின் குண்டுச் சோதனை. புதுக் குழலும் புது மாடலும் கடைசியில். குண்டு போடாத ரைஃபிளானாலும் முனை ஆளை நோக்கித் திரும்பக்கூடாது, ஈயக் குண்டைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடக்கூடாது என்ற இரண்டு பழக்கமும் முதல் நாளே வந்துவிட வேண்டும்.

10 மீட்டர் சுட மைதானம் வேண்டாம். நீளமான ஒரு பள்ளிக்கூட அறை, குண்டைத் தாங்கும் உறுதியான பின்தடுப்பு, நல்ல வெளிச்சம், குறுக்கே ஆள் வராத ஒரே வாசல், பொறுப்பான ஆசிரியர் ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம். சேத்தியாத்தோப்பு மாதிரி ஊர்களின் அரசுப் பள்ளிகளுக்கு இது எட்டாத காரியம் அல்ல. இரண்டு மூன்று பொது ரைஃபிள்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் கன்னக்கட்டை, தோள்தகடு, கைப்பிடி எந்த அளவில் நிற்க வேண்டும் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தால், ஒரே ரைஃபிள் பத்துப் பேருக்குப் பொருந்தும். அந்த நோட்டைத் தொடங்கிவைக்கும் பள்ளி, விலை உயர்ந்த ரைஃபிளை வாங்கிப் பூட்டி வைக்கும் பள்ளியைவிட நல்ல சுடுநர்களை உருவாக்கும்.