ஆங்கிலத்தில் கடுஞ்சினத்தைக் குறிக்கும் சொற்கள்

ரேஜ், ஃபியூரி, ராத், அவுட்ரேஜ் ஆகியவை ஆங்கிலத்தில் கடுஞ்சினத்தைக் குறிக்கும் சொற்கள். இவற்றுக்குக் கோபம், சினம், சீற்றம் என்றே பொருள் தரப்படுவதால், ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எழுதலாம் என்று மாணவர்கள் எண்ணுவதுண்டு. ஆனால் இச்சொற்கள் சினம் கொண்டவரைப் பற்றிய மதிப்பீட்டையும் உணர்த்துகின்றன.

ரேஜ்
தன்னிலை இழந்த ஆத்திரம். வெறியைக் குறிக்கும் 'ராபியெஸ்' என்ற இலத்தீன் சொல், பிரெஞ்சு வழியாக இவ்வடிவம் பெற்றது. வெறிநாய்க்கடி நோயான ரேபிஸின் பெயரும் அதே சொல்லே. வண்டி ஓட்டுபவர் சிறு உரசலுக்காகக் கைகலப்பில் இறங்குவது 'ரோடு ரேஜ்' எனப்படும்.

ஃபியூரி
கட்டுக்கடங்காத வேகத்துடன் வெளிப்படும் சினம். உரோமானியத் தொன்மத்தில் குற்றவாளிகளைத் துரத்திப் பழிவாங்கும் பெண் தெய்வங்களுக்கு ஃபியூரிகள் என்று பெயர். புயலின் வேகத்தையும் இச்சொல் குறிக்கும். 'கடல் சீற்றம்' என்று நாம் சொல்வதால், சீற்றம் இதற்கு நெருங்கிய தமிழ்ச்சொல்.

ராத்
தண்டிக்கும் வலிமை உடையவரின் சினம். கடவுள், அரசர் போன்றோருக்கே பெரிதும் பயன்படும் ஏட்டு வழக்கு இது. தம்பியோடு போட்ட சண்டைக்கு இச்சொல்லை எழுதினால் வேடிக்கையாக இருக்கும்.

அவுட்ரேஜ்
அநீதியைக் கண்டு எழும் மனக்கொதிப்பு. அந்தக் கொடுஞ்செயலையும் குறிக்கும். இதில் ரேஜ் என்ற ஒலி இருந்தாலும் இரண்டுக்கும் வேர் வேறு. 'அப்பால்' எனப் பொருள்படும் 'அல்ட்ரா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து கிளைத்து, எல்லை மீறலைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல் இது.

சொல்லும் மதிப்பீடும்
ஹோமரின் இலியட் காப்பியம் அக்கிலீசின் சினத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுடன் தொடங்குகிறது. அதை அலெக்சாண்டர் போப் (1715) 'ராத்' என்றும், ராபர்ட் ஃபேகல்ஸ் (1990) 'ரேஜ்' என்றும் மொழிபெயர்த்தனர். முதல் சொல்லில் தெய்வத்துக்கு ஒப்பான வீரனும், இரண்டாவதில் தன்னை மறந்த மனிதனும் தெரிகின்றனர்.

செய்தி எழுதும்போதும் இவ்வேறுபாடு முக்கியமானது. நிலம் பறிபோனவர்கள் திரண்டு முழங்குவதை 'அவுட்ரேஜ்' என்றால் அவர்களுக்கு நேர்ந்த அநீதி நினைவுக்கு வரும். 'ரேஜ்' என்றால் அவர்கள் நிதானம் இழந்த கூட்டமாகத் தோன்றுவர். ஆகவே, சினத்தின் அளவை மட்டும் பாராமல், அதன் காரணத்தையும் சினம் கொண்டவரின் நிலையையும் அறிந்தே சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.