இரும்பைத் தாண்டி வரும் சாட்சி

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அடுக்கியிருக்கும் கன்டெய்னர்களுக்குள் மழையும் வெயிலும் போகாது, மியூயான் என்ற நுண்துகள் போகும். விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் மேல்வானத்தில் காற்றணுக்களோடு மோதும்போது பையான் என்ற மெசான் பிறக்கிறது. அது சிதைந்தால் மியூயான். உள்ளங்கையை நீட்டினால் நொடிக்கு ஒன்றாவது அதை ஊடுருவிப் போகும்.

அடிப்படைத் துகளான ஒரு குவார்க்கும் ஓர் எதிர்குவார்க்கும் சேர்ந்த ஜோடிதான் மெசான். பையான் அதில் எளியது. ஆனால் குவார்க் உண்மையிலேயே இருக்கிறது என்று இயற்பியலாளர்களை நம்பவைத்தது ஜே/சை என்ற இன்னொரு மெசான்.

அதுவரை அப், டவுன், ஸ்ட்ரேஞ்ச் என மூன்று குவார்க்குகளே பேச்சில் இருந்தன. அவையும் கணக்குக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு என்றே பலர் நினைத்தார்கள். நான்காவதாக 'சார்ம்' வேண்டும் என்று கிளாஷோ, இலியோபோலஸ், மையானி மூவரும் 1970இல் வாதிட்டார்கள். 1974 நவம்பர் 11 அன்று அமெரிக்காவின் இரு கோடிகளிலிருந்து ஒரே துகள் அறிவிக்கப்பட்டது. புரூக்ஹேவனில் சாமுவேல் டிங் குழு அதை ஜே என்றது. ஸ்டான்ஃபோர்டில் பர்ட்டன் ரிக்டர் குழு சை என்றது. இருவருக்கும் 1976இலேயே நோபல். நோபல் குழு இத்தனை அவசரப்படுவது அபூர்வம்.

புரோட்டானைப் போல மூன்று மடங்குக்கு மேல் எடையுள்ள துகள் கணத்தில் உடைந்திருக்க வேண்டும். இதுவோ எதிர்பார்த்ததைவிட ஆயிரம் மடங்கு காலம் தாங்கியது. உள்ளே இருப்பது சார்ம் குவார்க்கும் அதன் எதிர்குவார்க்கும். சார்ம் உள்ள இரண்டு மெசான்களாகப் பிரிய அதன் நிறை போதாது. குவார்க்கும் எதிர்குவார்க்கும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டுதான் மறைய வேண்டும். அந்த வழியோ கடினமானது.

நூற்றில் ஏறக்குறைய ஆறு ஜே/சை, மியூயான் ஜோடியாக மாறும். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் உள்ள ஆலிஸ் கருவியின் ஒரு பகுதி அந்த ஜோடியைத்தான் தேடுகிறது. 1.2 மீட்டர் இரும்புச் சுவரையும் தாண்டி வந்தால் அது மியூயான். முன்பு அவற்றின் தடத்தைப் படித்த 'மானஸ்' சிப்பை வடிவமைத்தது கொல்கத்தா சாஹா ஆய்வு நிறுவனம், தயாரானது சண்டிகரில்.

கனமான அணுக்கருக்கள் மோதும்போது உண்டாகும் சூடான குவார்க் குழம்பில் ஜே/சை கரைந்து குறையும் என்று மட்சுயியும் சாட்ஸும் 1986இல் கணித்திருந்தார்கள். ஆலிஸில் ஆற்றல் பன்மடங்கு கூடியும், அமெரிக்காவின் ரிக் முடுக்கியில் கண்ட அளவுக்கு அது குறையவில்லை. ஆலிஸின் மோதல்களில் சார்ம் குவார்க்குகள் ஏராளம். பிரிந்தவை குழம்பு ஆறும்போது வேறு துணையோடு சேர்ந்து புதிய ஜே/சை ஆகிவிடுகின்றன.