நானுஓயாவின் ஆறுகண் சிலந்தி

சிறியதையெல்லாம் குஞ்சென்று சொல்லிவிடுவது எவ்வளவு எளிது! கடந்த மார்கழியில், நானுஓயாவில் என் மாணவன் ஒருவன் தீப்பெட்டிக்குள் ஒரு சிலந்தி கொணர்ந்தான். உடல் நெல்மணியிற் பாதி, கால்களோ மயிரிழைகள். "கூரை மூலையில் தலைகீழாய்த் தொங்கும் நெடுங்காற் சிலந்தியின் குஞ்சு" என்று தீர்ப்பளித்தேன்.

"குஞ்சு முட்டையிடுமா, சேர்?" என்றான் அவன்.

உற்று நோக்கினேன். வாயில் முட்டைப் பொதி! இக்குடும்பத்துப் பெண் சிலந்தி, முட்டைகளைச் சில இழைகளாற் கட்டித் தாடையிற் கவ்வியபடியே பொரியும்வரை சுமக்கும். நான் குஞ்சென்றது ஒரு தாயை.

உருப்பெருக்குக் கண்ணாடியில் பார்த்தபோது மற்றொரு வியப்பு. வீடுகளிற் காணும் பெரிய இனங்களுக்கு எட்டுக் கண்கள்; இதற்கோ மும்மூன்றாய் இரு தொகுதி, ஆறே கண்கள்.

காப்பித் தோட்டங்களைத் துருநோய் பற்றிய 1869ஆம் ஆண்டிலேயே, கேம்பிரிட்ஜ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் இலங்கைச் சிலந்தியொன்றுக்குப் 'போல்கஸ் சிலோனிகஸ்' எனப் பெயரிட்டார். நூற்றைம்பது ஆண்டு கழித்து, 2019இல், பான் நகர அருங்காட்சியகத்தின் ஹூபர் இத்தீவின் நெடுங்காற் சிலந்திகளைத் தொகுத்து ஆராய்ந்தார். ஆறு கண்ணுடையவற்றில் 'பெலிசானா' காட்டில் இலைகளின் அடியில் வாழ்வது. வயிறு பெரும்பாலும் உருண்டை. 'மைக்ரோபோல்கஸ் ஃபாரோட்டி' நீண்ட வயிறுடையது; 1887இல் பெயர் பெற்று, சரக்குகளோடு வெப்ப நாடுகளெங்கும் பரவி வீடுகளிற் குடியேறியது. ஆகவே, எங்கே பிடித்தாய் என்பதே முதற் கேள்வியாயிற்று.

"எங்க லயத்தில, அடுப்புக்குப் பக்கத்துத் தேயிலைப் பெட்டிக்குப் பின்னால."

நம் சிலந்திக்கு வயிறும் நீளம். ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட இக்குளிரிலும் அடுப்பங்கரை வெதுவெதுப்பாகத்தானே இருக்கும்! ஆயினும் பெயர் சூட்ட நாவெழவில்லை. ஆணின் முகத்தருகேயுள்ள உணர்கையின் வடிவைக் கண்டாலன்றி இனத்தை உறுதிசெய்தல் ஆகாது. ஒருமுறை தீர்ப்பளித்துப் பட்டவன் நான்.

ஞாயிறன்று தாயைத் திரும்ப விடவும் ஆணைத் தேடவும் லயத்துக்குச் சென்றேன். பொங்கலுக்காகச் சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு. பையனின் அன்னை சற்று நாணத்துடன், "அந்தப் பெட்டி மூலைய மட்டும் தொடல சேர். இவன் விடல" என்றார். அங்கே சிலந்தியை இறக்கினோம். விரல் பட்டதும் உடலைச் சுழற்றிச் சுழற்றி ஆடியது. கண்ணுக்கு ஒரு புகைபோல மட்டுமே தெரிந்தது.

குஞ்சுகள் பொரிந்துவிட்டன. இப்போது திங்கள்தோறும் வகுப்புத் தொடங்குமுன் என் மேசையருகே வந்து நிற்கிறான்.

"ஆண் இன்னும் ஆப்பிடல, சேர்."