பராமரிப்புத் திட்டத்தின் 'நிலை': கணினியில் ஒரு சொல் பிழைத்தால் ஒரு நோயாளி விடுபடுவார்

கோமாரியில் சீனி வருத்தமோ பிரஷரோ உள்ளவர் கிளினிக்குக்குத் தெற்கே பொத்துவில் ஆதார வைத்தியசாலைக்குப் போகலாம். வடக்கே திருக்கோவிலுக்கும் போகலாம். மேலதிகச் சிகிச்சை என்றால் ஏ4 வீதி வழியே அக்கரைப்பற்று, கல்முனை என்று பயணம் நீளும். எங்கே போனாலும் கையில் இருப்பது கிளினிக் கொப்பி. இலங்கையின் அரச வைத்தியசாலைகள் படிப்படியாகக் கணினிப் பதிவுக்கு மாறிவருகின்றன. நோயாளியை அடையாளம் காண 11 இலக்கத் தனிநபர் சுகாதார எண்ணும் வந்துவிட்டது. கொப்பியில் இல்லாத ஒரு கட்டத்தை ஊழியர்கள் இனிப் பழக வேண்டும். அதுதான், ஒருவருக்குரிய மருந்து, பரிசோதனை போன்றவற்றை வகுக்கும் பராமரிப்புத் திட்டத்தின் 'நிலை'.

ஏழு நிலைகள்

மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்கான 'ஃபயர்' என்ற உலகத் தரம் ஏழு நிலைகளை வகுத்திருக்கிறது: வரைவு, நடப்பில், தற்காலிக நிறுத்தம், கைவிடப்பட்டது, நிறைவடைந்தது, தவறுதலாகப் பதிந்தது, தெரியாது. இந்தக் கட்டத்தை வெறுமையாக விட அந்தத் தரம் அனுமதிப்பதில்லை. நிலையைப் பாராமல் திட்டத்தைப் படித்தால், நிறுத்திய மருந்தும் தொடரும் மருந்தாகத் தெரியும்.

எங்கே பிழைக்கிறது?

கர்ப்பகாலப் பராமரிப்புக்கு முடிவு உண்டு. அதை 'நிறைவடைந்தது' எனலாம். சீனி வருத்தத்துக்கு அப்படி முடிவு இல்லை. நோயாளி வேலைக்காக மத்திய கிழக்குக்குப் போனால், அவருடைய திட்டம் 'தற்காலிக நிறுத்தம்' ஆக வேண்டும்; காரணமும் மீண்டும் பார்க்கும் திகதியும் அதனுடன் இருக்க வேண்டும். 'நிறைவடைந்தது' என்று பதிந்துவிட்டால், ஊர் திரும்பியபின் அவரைத் தேட எந்தப் பட்டியலிலும் பெயர் இருக்காது. வேறொருவரின் திட்டம் மாறி ஏறியிருந்தால் 'தவறுதலாகப் பதிந்தது' என்பதே சரி. 'கைவிடப்பட்டது' என்று பதிந்தால், அந்த நோய் அவருக்கு இருந்ததாகவே அடுத்த வைத்தியர் எண்ணுவார்.

திட்டத்துக்கு ஒரு நிலை. அதிலுள்ள ஒவ்வொரு வேலைக்கும் தனி நிலை. ஒரு இரத்தப் பரிசோதனை ரத்தானால் திட்டம் நிற்காது.

யார் மாற்றலாம்?

வந்த நோயாளியைப் பார்த்தாயிற்று என்று தாதி உத்தியோகத்தர் பதியலாம்; திட்டத்தை மூடும் பொறுப்பு வைத்தியருடையதாக இருப்பதே பாதுகாப்பு. ஒவ்வொரு மாற்றத்திலும் மாற்றியவர் பெயர், நேரம், காரணம் மூன்றும் பதிவாக வேண்டும். பலர் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்தும் இடத்தில் இந்தப் பதிவுக்கு மதிப்பில்லை. வரைவிலேயே கிடக்கும் திட்டங்களையும், நிறுத்தக் காலம் கடந்தவற்றையும் வாராவாரம் ஒருவர் பார்க்க வேண்டும்.

தன்னைப் பற்றிய பிழையான தரவைத் திருத்தக் கோரும் உரிமையை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகுத்திருக்கிறது. உங்கள் திட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்று கிளினிக்கில் தயங்காமல் கேளுங்கள்.

பொத்துவில் முதல் கல்முனை வரை எல்லா வைத்தியசாலைகளும் இந்த ஏழு சொற்களையும் ஒரே பொருளில் பயன்படுத்த வேண்டும். அதற்கான விளக்கத்தைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி ஒவ்வொரு கிளினிக் மேசையிலும் வைக்கலாம். மென்பொருள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை இது.